இரண்டு அலமாரி எதற்கு?

(இசைத்தட்டுச் சேகரிப்பாளர் கூட்டமொன்றில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம். இடையில் ஒலிக்கவிட்ட பகுதிகள் அடைப்புக்குறிக்குள் குறிக்கப்பட்டுள்ளன.)



இந்த மேசையில் இரண்டு எல்.பி. தட்டுகள் வைத்திருக்கிறேன். ஒன்று பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம். மற்றது ஜென்டில் ஜயன்ட் குழுவின் முதல் ஆல்பம். இரண்டும் 1970-இல் வந்தவை. இரண்டையும் வெளியிட்டது இங்கிலாந்தின் வெர்டிகோ நிறுவனம். இரண்டின் நடுவிலும் அதே கறுப்பு வெள்ளைச் சுழல் முத்திரை. ஆனாலும் உங்களில் பலர் வீட்டில் இவை பக்கத்தில் பக்கத்தில் இருக்காது. சப்பாத் 'மெட்டல்' அலமாரிக்குப் போயிருக்கும். ஜென்டில் ஜயன்ட் 'ப்ரோக்', அதாவது ப்ரோக்ரஸிவ் ராக், அலமாரிக்குப் போயிருக்கும். முதல் அலமாரிக்காரர்கள் இரண்டாவதைப் படித்தவர்களின் பொழுதுபோக்கு என்பார்கள். இரண்டாவது அலமாரிக்காரர்கள் முதலாவதைக் கூச்சல் என்பார்கள். சண்டை ஐம்பது ஆண்டுகளாக நடக்கிறது. நான் அதில் யார் பக்கமும் இல்லை. தட்டுகளைக் கையில் எடுத்து, யார் எங்கே யாரோடு எந்தக் கருவியை வைத்து இதைச் செய்தார்கள் என்று பார்த்தால் அந்த இரண்டு அலமாரியும் ஒன்றாகிவிடும். இன்று சொல்ல வந்தது இவ்வளவுதான். அதற்குப் பெரும்பாலும் ஒரே ஊரின் தட்டுகள் போதும்: பர்மிங்காம்.

முதலில் இந்தச் சுழலைப் பற்றி. 1960-களின் கடைசியில் பெரிய இசைத்தட்டு நிறுவனங்களுக்கு ஒரு குழப்பம் வந்தது. இளைஞர்கள் மூன்று நிமிடப் பாட்டை விட்டுவிட்டு முழு ஆல்பமாக வாங்கத் தொடங்கினார்கள். எது விற்கும் என்று மேலிடத்துக் கோட்டுக்காரர்களுக்குப் புரியவில்லை. ஆகவே ஒவ்வொரு நிறுவனமும் ஒரு சிறு துணை லேபிளைத் தொடங்கி, நீண்ட தலைமுடிக்காரர்களை அதில் போட்டுப் பார்த்தது. ஈ.எம்.ஐ. ஹார்வெஸ்டைத் தொடங்கியது. பை நிறுவனம் டானைத் தொடங்கியது. ஆர்.சி.ஏ. நியானைத் தொடங்கியது. பிலிப்ஸ் 1969-இல் தொடங்கியதுதான் வெர்டிகோ. பொறுப்பேற்றவர் ஓலாவ் வைப்பர். அதன் முதல் எல்.பி. கொலோசியம் குழுவின் 'வேலன்டைன் சூட்'.

வெர்டிகோ தட்டின் முதல் பக்கத்து லேபிளில் பாட்டுப் பெயர்கள் இல்லை. லேபிள் முழுக்கச் சுழல் வளையங்கள்தான். விவரமெல்லாம் இரண்டாம் பக்கத்துக்குப் போய்விட்டது. தட்டு சுற்றத் தொடங்கியதும் சுழல் உள்ளே இழுப்பதுபோல் கண் ஏமாறும். வெர்டிகோ என்றால் தலைச்சுற்றல், பெயருக்கேற்ற வேலை. 1973-இல் இந்தச் சுழலை எடுத்துவிட்டு, ரோஜர் டீன் வரைந்த விண்கலச் சித்திரத்தை லேபிளில் போட்டார்கள். அதனால்தான் 'சுழல் வெர்டிகோ' என்பது சேகரிப்பாளர் உலகில் தனி ஒரு மதம்.

அந்த மதத்தில் எனக்கு முழு நம்பிக்கை இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வரிசையில் மிக விலை உயர்ந்த தட்டுகள் பலவும் அன்றைக்கு விற்காத தட்டுகள். விற்கவில்லை, அதனால் குறைவாக இருக்கிறது, அதனால் விலை ஏறுகிறது. இதில் இசைக்கு எங்கே இடம்? டாக்டர் இசட் குழுவின் 'த்ரீ பார்ட்ஸ் டு மை சோல்' 1971-இல் வந்தது. அதன் சுழல் பதிப்புக்கு இன்று கேட்கும் விலையில் ஒரு நல்ல ஆம்ப்ளிஃபயரே வாங்கிவிடலாம். நான் கேட்டிருக்கிறேன். ஆர்வமாகச் செய்திருக்கிறார்கள், அதற்கு மேல் சொல்ல முடியவில்லை. அதே ஆண்டு வந்த க்ரெஸிடாவின் 'அசைலம்' வேறு தரம். ஆர்கனும் கிட்டாரும் ஒன்றை ஒன்று முந்தாமல் நடக்கும் அழகு அதில் இருக்கிறது. ஆனால் இந்த இரண்டும் ஏலப் பட்டியலில் ஒரே 'அரிது' என்ற சொல்லுக்குக் கீழேதான் வரும்.

ஜென்டில் ஜயன்ட் 1971-இல் தன் இரண்டாவது ஆல்பத்தின் உறையிலேயே ஓர் அறிவிப்பு அச்சிட்டது. மக்களுக்குப் பிடிக்காமல் போனாலும் பரவாயில்லை, வெகுஜன இசையின் எல்லையைத் தள்ளிப் பார்க்கப் போகிறோம் என்பது அதன் சாரம். இப்படி ஒரு வாக்கியத்தை விற்பனைக்கு வைத்த பொருளின் மேலேயே அச்சிட ஒரு நிறுவனம் அனுமதித்தது என்றால், அந்த மூன்று நான்கு ஆண்டுகள் எப்படிப்பட்டவை என்று ஊகித்துக்கொள்ளுங்கள். அந்தத் துணிச்சலுக்கான பணம் எங்கிருந்து வந்தது? பெரும் பங்கு சப்பாத்திலிருந்து. அவர்களின் முதல் ஆல்பம் இங்கிலாந்தில் 8-ஆம் இடம் வரை போனது. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த 'பேரனாய்ட்' முதல் இடம். கூச்சல் என்று ஒதுக்கப்பட்ட தட்டு சம்பாதித்த லேபிளில்தான் அறிவாளிகளின் தட்டும் வெளிவந்தது.

இனி ஊருக்குப் போவோம்.

பர்மிங்காம் உலோகத்தால் வாழ்ந்த ஊர். கார் பாகங்கள், அச்சு வார்ப்பு, தகடு வெட்டும் பட்டறைகள். ஆஸ்டன் என்ற பகுதியின் நான்கு பையன்கள்தான் பிளாக் சப்பாத். ஆஸி ஆஸ்பர்ன் லூகாஸ் தொழிற்சாலையில் கார் ஹாரன்களுக்குச் சுருதி சேர்த்தவர், பிறகு இறைச்சிக் கூடத்தில் வெட்டுவேலை பார்த்தவர். கீசர் பட்லர் கணக்கு எழுதியவர். டோனி அயோமி தகடுப் பட்டறையில் இருந்தார். 1965, அவருக்குப் பதினேழு வயது. ஜெர்மனிக்குப் போய் வாசிக்க ஒரு குழு கூப்பிட்டிருந்தது. வேலையை விடுகிறேன் என்று சொல்லிவிட்டார். கடைசி நாள். அழுத்த இயந்திரத்தில் வழக்கமாக நிற்கும் ஆள் வரவில்லை, இவரை நிறுத்தினார்கள். இயந்திரம் வலது கையின் நடுவிரல், மோதிர விரல் இரண்டின் நுனியையும் எடுத்துக்கொண்டது.

அயோமி இடது கைப் பழக்கக்காரர். அப்படியானால் கிட்டாரின் கழுத்தில் தந்தியை அழுத்துவது வலது கை. போனவை அழுத்தும் விரல்களின் நுனிகள். பட்டறை மேலாளர் ஒருவர் அவருக்கு ஜாங்கோ ரைன்ஹார்ட்டின் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். தீ விபத்தில் இரண்டு விரல்கள் முடங்கியும் வாசித்த ஜாஸ் கிட்டார் மேதை அவர். அயோமி பாத்திரம் கழுவும் திரவம் வந்த பிளாஸ்டிக் புட்டியை உருக்கி, விரல் நுனிக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டினார். கனமான தந்தியை அழுத்த வலித்தது. மெல்லிய தந்தித் தொகுப்பு அப்போது கடையில் கிடைக்கவில்லை, பான்ஜோ தந்தியை எடுத்து மாட்டினார். பிறகு தந்தியைத் தளர்த்தினார். 1971-இல் வந்த 'மாஸ்டர் ஆஃப் ரியாலிட்டி' ஆல்பத்தில் சில பாடல்களுக்கு மூன்று அரைச்சுரம் கீழே இறக்கியிருக்கிறார். கேட்பவருக்கு அது பாரமாகக் கேட்டது. உலகத்தில் இன்று ஆயிரம் குழுக்கள் சுருதியை இறக்கி வாசிக்கின்றன, விரல்கள் முழுசாக இருந்தும்.

இதில் பௌதிகமும் கொஞ்சம் இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். விரல் வசதிக்காக அயோமி முழு கார்டைவிட இரண்டு சுரம் மட்டும் சேர்ந்த சிறு கார்டுகளை அதிகம் நம்பினார். சட்ஜமும் பஞ்சமமும். ஆம்ப்ளிஃபயரைத் தாங்கும் அளவுக்கு மேல் முடுக்கினால் ஒலி சிதையும். அப்படிச் சிதையும்போது, உள்ளே போன இரண்டு அதிர்வெண்களின் கூட்டலும் கழித்தலும் புதிதாக வெளியே வரும். சட்ஜமும் பஞ்சமமும் 2-க்கு 3 என்ற விகிதம். கழித்தால் 1. அதாவது நீங்கள் வாசிக்காத, ஒரு ஸ்தாயி கீழே உள்ள சட்ஜம் தானாக ஒலிக்கிறது. ஹெவி மெட்டலின் 'ஹெவி' பெரும்பகுதி இந்தக் கணக்குதான். ஆம்ப்ளிஃபயரும் உள்ளூர்ச் சரக்கு. லேனி என்ற கம்பெனி, பர்மிங்காம்காரர் ஒருவர் 1967-இல் தொடங்கியது.

[பிளாக் சப்பாத், முதல் பக்கம், முதல் பாட்டின் முதல் ஒரு நிமிடம்]

மழையும் மணியும் இடியும் பிறகு சேர்த்தவை. அதற்குப் பிறகு வரும் மூன்று சுரத்தைக் கவனியுங்கள். கீழ் சட்ஜம், மேல் சட்ஜம், பிறகு பிரதி மத்திமம். அவ்வளவுதான். மேற்கில் சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள இந்த இடைவெளிக்குச் சாத்தானின் இடைவெளி என்று பெயர். நடுக்காலத் திருச்சபை இதைத் தடை செய்தது என்று மெட்டல் புத்தகங்கள் எல்லாம் எழுதுகின்றன. அப்படித் தடை இருந்ததற்கு ஆதாரம் கிடையாது, கதை நன்றாக இருப்பதால் வாழ்கிறது. இந்த அவையில் கர்நாடக இசை கேட்பவர்கள் சிரிக்கலாம். நமக்கு அது கல்யாணியின் மத்திமம். கல்யாண வீட்டில் நாகஸ்வரத்தில் ஓடுகிற சுரம். அங்கே காந்தாரமும் பஞ்சமமும் இரு பக்கமும் கை கொடுக்க, கமகத்தோடு வருகிறது. இங்கே தனியாக, துணையில்லாமல், முடுக்கிய ஆம்ப்ளிஃபயரில், மெதுவாக. முன்பு சொன்ன 2-க்கு 3 போன்ற எளிய விகிதம் இதற்கு இல்லை. ஆகவே இரண்டும் சேர்ந்து ஒலித்தால் கூட்டலும் கழித்தலும் ஒன்றோடொன்று மோதி ஒலி கரகரக்கும்.

இது எங்கிருந்து வந்தது? பேய்ப் படத்திலிருந்து என்பார்கள். பெயர் படத்திலிருந்து வந்தது உண்மை, மரியோ பாவா எடுத்த இத்தாலியப் படத்தின் ஆங்கிலத் தலைப்பு. சுரம் வந்தது வேறு இடத்திலிருந்து. கீசர் பட்லருக்கு கஸ்டாவ் ஹோல்ஸ்ட் எழுதிய 'கோள்கள்' என்ற வாத்திய இசைத் தொகுப்பு மிகவும் பிடிக்கும். அதில் செவ்வாய்க்கான பகுதியைப் பேஸில் வாசித்துக்கொண்டிருந்தார். அயோமி அதைக் கேட்டு, அதன் சாயலில் இந்த ரிஃப்பைக் கொண்டுவந்தார்.

அதே சமயம் லண்டனில் என்ன நடந்தது என்பதுதான் எனக்கு முக்கியம். கிங் க்ரிம்சன் என்ற குழு 1969 ஜூலை 5 அன்று ஹைட் பார்க்கில் ரோலிங் ஸ்டோன்ஸுக்கு முன்னால் வாசித்தது. ப்ரோக் அலமாரியின் மூலவர் இந்தக் குழுதான். அந்த ஆண்டு முழுக்க மேடையில் அவர்கள் நிகழ்ச்சியை முடிக்க எடுத்துக்கொண்ட துண்டு எது தெரியுமா? ஹோல்ஸ்டின் அதே செவ்வாய். 1970-இல் இரண்டாவது ஆல்பத்தில் 'டெவில்ஸ் ட்ரையாங்கிள்' என்று அதை உருமாற்றிப் பதிவும் செய்தார்கள். ஹோல்ஸ்ட் எழுதியது ஐந்து எண்ணிக்கையில், நம் தாளக் கணக்கில் கண்டம். இரண்டு குழுக்களும் ஒரே கிணற்றில்தான் நீர் இறைத்தன. ஒருவர் தாளத்தை எடுத்தார், மற்றவர் சுரத்தை எடுத்தார். ஹோல்ஸ்ட் ரிக் வேதப் பாடல்களை மொழிபெயர்ப்பதற்காகச் சமஸ்கிருதம் படித்தவர் என்பது போகிற போக்கில் ஒரு செய்தி. அதை வைத்து மெட்டல் நம் நாட்டில் பிறந்தது என்று யாரும் கட்டுரை எழுதிவிட வேண்டாம்.

கிங் க்ரிம்சனின் முதல் ஆல்பத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள், கேட்காதவர்கள்கூடப் பார்த்திருப்பீர்கள். அலறும் முகம், ஊதாவும் சிவப்பும். உறையின் முன்பக்கத்தில் ஓர் எழுத்து கிடையாது. வரைந்தவர் பேரி காட்பர், கணினி நிரலாளர். அவர் வரைந்த ஒரே ஆல்பம் உறை. தட்டு 1969 அக்டோபரில் வந்தது. 1970 பிப்ரவரியில் மாரடைப்பில் போய்விட்டார், வயது 24.

அந்தத் தட்டில் வயலின் கூட்டம் போல ஒன்று பின்னணியில் எழுந்து எழுந்து அடங்கும். அது வயலின் கூட்டம் இல்லை, மெல்லோட்ரான். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். பியானோ போன்ற கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் கீழே ஒரு நாடாத் துண்டு. அதில் உண்மையான வயலினோ புல்லாங்குழலோ அந்த ஒரு சுரத்தை வாசித்துப் பதிந்திருக்கும். கட்டையை அழுத்தினால் நாடா ஓடும், சுரம் கேட்கும். எட்டு விநாடி போல ஓடியதும் நாடா முடிந்துவிடும். கட்டையை விட்டதும் ஸ்பிரிங் நாடாவை மேலே இழுத்துக்கொள்ளும். எனவே எந்தச் சுரத்தையும் எட்டு விநாடிக்கு மேல் பிடிக்க முடியாது. வாசிப்பவர் விரலை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். நாடா ஓடும் வேகமும் லேசாகத் தள்ளாடும். நிஜ வயலினைப்போல இல்லாமல், நினைவில் கேட்கும் வயலினைப்போல ஒலிப்பதற்கு அந்தத் தள்ளாட்டமே காரணம்.

இது எங்கே செய்தது? பர்மிங்காமின் ஸ்ட்ரீட்லியில். அமெரிக்காவில் ஹாரி சேம்பர்லின் என்பவர் கண்டுபிடித்த கருவி. அவருடைய விற்பனையாளர் பில் ஃப்ரான்சன் 1962-இல் இரண்டு கருவிகளோடு இங்கிலாந்துக்கு வந்தார். நாடா படிக்கும் ஹெட்களை மொத்தமாகச் செய்துதர ஆள் தேடினார். பர்மிங்காமில் பிராட்லி சகோதரர்கள் மூவர் அந்தத் தொழிலில் இருந்தார்கள். ஹெட் மட்டும் எதற்கு, கருவியையே மேம்படுத்திச் செய்துதருகிறோம் என்றார்கள். அசல் கண்டுபிடிப்பாளருக்கு விஷயம் பிறகுதான் தெரிந்தது, வழக்கும் சமரசமும் ஆயின. அந்தப் பட்டறையில் வேலை பார்த்த ஊர்ப் பையன் மைக் பிண்டர். அவர்தான் மூடி ப்ளூஸ் குழுவில் மெல்லோட்ரான் வாசித்தவர். 1967-இல் வந்த அவர்களின் 'டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்' பலருடைய ப்ரோக் அலமாரியில் முதல் தட்டு.

தகடு வெட்டிய பட்டறையிலிருந்து மெட்டல் வந்தது என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள். அதே ஊரின் இன்னொரு பட்டறையிலிருந்து ப்ரோக்கின் ஒலி வந்தது என்பதை அவ்வளவாக எழுதுவதில்லை. இரண்டும் சந்தித்த இடத்தையும் காட்டுகிறேன். சப்பாத்தின் 'வால்யூம் 4', 1972. அதில் 'சேஞ்சஸ்' என்ற பாட்டு. கிட்டாரும் இல்லை, டிரம்ஸும் இல்லை. அயோமி பியானோ வாசிக்கிறார், கீசர் மெல்லோட்ரான் வாசிக்கிறார்.

[சேஞ்சஸ், தொடக்கம்]

மெட்டல் நண்பர்கள் பலர் இந்தப் பாட்டு வரும்போது ஊசியைத் தூக்கிவிடுவார்கள். செய்யாதீர்கள்.

அடுத்த ஆண்டுக் கதை இன்னும் சுவையானது. 1973, லண்டனில் மார்கன் ஸ்டூடியோ. ஓர் அறையில் யெஸ் குழு 'டேல்ஸ் ஃப்ரம் டோபோகிராஃபிக் ஓஷன்ஸ்' பதிவு செய்கிறது. இரண்டு தட்டு, நான்கு பக்கம், பக்கத்துக்கு ஒரு பாட்டு. கிராமத்துச் சூழல் வேண்டும் என்று ஸ்டூடியோவுக்குள் வைக்கோல் கட்டும், மரத்தில் வெட்டிய மாடும் கொண்டுவந்து வைத்தார்கள். கீபோர்டுக்காரர் ரிக் வேக்மனுக்கு அந்த ஆல்பமே பிடிக்கவில்லை, சலித்துப்போய்ச் சுற்றிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சப்பாத் 'சப்பாத் ப்ளடி சப்பாத்' பதிவு செய்கிறது. அங்கே போய் 'சாப்ரா கடாப்ரா' பாட்டில் பியானோவும் சிந்தசைஸரும் வாசித்தார். கூலி பீர் என்று சொல்வார்கள். ப்ரோக் உலகின் மிகப் பெரிய கீபோர்டுக்காரர் தன் மனம் ஒட்டிய வேலையைச் செய்தது அந்த ஸ்டூடியோவின் மெட்டல் அறையில். இரண்டு ஆல்பமும் அதே ஆண்டு வெளிவந்தன. அவற்றைப் பிரித்தது ஸ்டூடியோவின் ஒரு சுவர்தான், அதையே நம் வீட்டில் அலமாரியாக மறுபடி எழுப்பியிருக்கிறோம்.

சப்பாத்தின் முதல் ஆல்பத்துக்கு ஒரு நிமிடம் திரும்புகிறேன், சேகரிப்பவர்களுக்காக. அது பதிவானது 1969 அக்டோபரில், ரீஜன்ட் சவுண்ட் ஸ்டூடியோவில், ஒரே நாளில். தயாரிப்பாளர் ராட்ஜர் பெயின், ஒலிப்பதிவாளர் டாம் ஆலம். மேடையில் வாசிப்பதையே வாசித்தார்கள், ஆஸி தனிக் கூண்டில் நின்று கூடவே பாடினார். அயோமி அன்று வெள்ளை ஃபெண்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரோடு தொடங்கினார். 'விக்கெட் வேர்ல்ட்' முடிந்ததும் அதன் பிக்கப் பழுதாகிவிட்டது. உபரியாக வைத்திருந்த கிப்ஸன் எஸ்.ஜி.யை எடுத்தார். பிறகு வாழ்நாள் முழுக்க அந்த வகைதான். இதில் சேகரிப்பாளருக்கு என்ன? இங்கிலாந்துப் பதிப்பில் 'விக்கெட் வேர்ல்ட்' கிடையாது. அங்கே 'ஈவில் வுமன்' என்ற, வேறு குழுவின் பாட்டைப் போட்டார்கள். அமெரிக்கப் பதிப்பில் அதை எடுத்துவிட்டு 'விக்கெட் வேர்ல்ட்' சேர்த்தார்கள். ஸ்ட்ராட்டோகாஸ்டர் ஒலிக்கும் அந்தப் பாட்டு ஆல்பத்தோடு வேண்டும் என்றால் சுழல் முத்திரை உதவாது, வார்னர் பிரதர்ஸ் முத்திரை வேண்டும். விலை சில மடங்கு குறைவு. அசல் சுழல் இல்லையே என்று ஏங்குகிறவர்கள் இதை யோசிக்கலாம்.

உறையில் இருப்பது ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் மேப்பிள்டர்ஹாம் நீராலை. படம் எடுத்தவர் கீஃப் என்ற பெயரில் இயங்கிய கீத் மாக்மில்லன். உள்ளே விரித்தால் தலைகீழ்ச் சிலுவை. அது நிறுவனத்தின் வேலை. குழுவுக்கே தட்டு வந்த பிறகுதான் தெரிந்தது. சப்பாத்தின் சாத்தான் பெயருக்குப் பாதி காரணம் ஒரு விளம்பரக்காரரின் மூளை.

அதே ஊரின் இன்னொரு மெட்டல் குழுவான ஜூடாஸ் ப்ரீஸ்ட்டைச் சுருக்கமாகப் பார்த்துவிடுகிறேன், அவர்களுக்கென்று ஒரு தனி மாலை தேவை. முதல் ஆல்பம் 'ராக்கா ரோலா', 1974, கல் என்ற சிறு லேபிள். தயாரிப்பாளர் அதே ராட்ஜர் பெயின். உறையில் சோடா மூடி. வரைந்த ஜான் பாஷ்தான் ரோலிங் ஸ்டோன்ஸின் நாக்குச் சின்னத்தையும் வரைந்தவர். பிந்தைய பதிப்புகளில் வேறு படம் போட்டார்கள், சோடா மூடி இருந்தால் எடுங்கள். இரண்டாவது ஆல்பம் 'சாட் விங்ஸ் ஆஃப் டெஸ்டினி', 1976. அதில் 'விக்டிம் ஆஃப் சேஞ்சஸ்' கிட்டத்தட்ட எட்டு நிமிடம். பழைய பாடகரின் ஒரு பாட்டையும் புதிய பாடகர் ராப் ஹால்ஃபோர்டின் ஒரு பாட்டையும் சேர்த்துத் தைத்தது. வேகம் மாறுகிறது, நடுவில் அடங்குகிறது, மறுபடி ஏறுகிறது. உறையின் பெயரை மறைத்துவிட்டுக் கேட்கவைத்தால் ப்ரோக் அலமாரிக்காரர் தலையாட்டுவார். அந்த ஆல்பத்தை எந்தப் பக்கத்தில் தொடங்குவது என்பதில் பதிப்புக்குப் பதிப்பு வேறுபாடு உண்டு. நான் 'விக்டிம்' பக்கத்தில் தொடங்குவேன்.

1980-இல் 'பிரிட்டிஷ் ஸ்டீல்'. தயாரிப்பாளர் டாம் ஆலம், பத்தாண்டு முன்பு சப்பாத்தின் அந்த ஒரு நாளைப் பதிவு செய்த அதே கை. ரிங்கோ ஸ்டாரின் வீட்டில் பதிவு. 'மெட்டல் காட்ஸ்' பாட்டில் இரும்பு மனிதர்கள் நடந்துவரும் ஓசை வேண்டும். சாம்ப்ளர் எல்லாம் கைக்கு வராத காலம். சமையலறையிலிருந்து கரண்டித் தட்டத்தை எடுத்துவந்து மைக்கின் முன்னால் குலுக்கினார்கள். 'ப்ரேக்கிங் த லா'வில் நொறுங்குவது பால் புட்டி. பிங்க் ஃப்ளாய்ட் 'மணி' பாட்டுக்காகக் காசையும் கல்லாப்பெட்டியையும் பதிவு செய்ததைப் புதுமை என்று போற்றுகிறோம். இங்கே கரண்டி குலுக்கியதை யாரும் அந்தப் பட்டியலில் சேர்ப்பதில்லை.

இனி நான் மிகவும் விரும்பும் தட்டு. உங்களில் பாதிப் பேருக்குப் பிடிக்காது என்று தெரிந்தே கொண்டுவந்திருக்கிறேன். நேபாம் டெத் குழுவின் 'ஸ்கம்', இயரேக் நிறுவனம், 1987. முதல் பக்கம் 1986 ஆகஸ்டில் பர்மிங்காமின் ரிச் பிட்ச் ஸ்டூடியோவில் பதிவானது. இரண்டாம் பக்கம் 1987 மே மாதம். நடுவில் குழு உடைந்தது, ஆட்கள் போனார்கள், புதியவர்கள் வந்தார்கள். இரண்டு பக்கத்திலும் இருப்பவர் டிரம்மர் மிக் ஹாரிஸ் ஒருவர்தான். முதல் பக்கத்தில் 12 பாட்டு, இரண்டாம் பக்கத்தில் 16. தட்டைத் திருப்பினால் வேறொரு குழு. இதைக் குறுந்தகட்டில் அடுத்தடுத்து ஓடவிட்டால் அந்த முறிவு தெரியாது. எழுந்து போய்த் திருப்பும்போதுதான் தெரியும்.

முதல் பக்கத்தின் கடைசிப் பாட்டு 'யூ சஃபர்'. 1.316 விநாடி. உலகின் மிகக் குறுகிய பாட்டு என்று கின்னஸ் பதிவு. கேலிக்கூத்து என்று தள்ளிவிடாமல் ஒரு கணக்குப் போடுங்கள். 33⅓ வேகத்தில் எல்.பி. ஒரு முறை சுற்ற 1.8 விநாடி ஆகும். இந்தப் பாட்டின் நீளம் ஒரு முழுச் சுற்றுக்கே போதாது. யெஸ் குழுவின் பாட்டோ ஒரு பக்கம் முழுவதும், இருபது நிமிடம், அறுநூறு எழுநூறு சுற்று. அதற்கு மேல் நீட்டினால் பள்ளங்களை நெருக்க வேண்டும், ஒலியளவைக் குறைக்க வேண்டும். ஆழ்ந்த பேஸ் அகலமான பள்ளம் கேட்கும், இடம் போதாது. தட்டின் வெளி ஓரத்தில் ஊசிக்குக் கீழே விநாடிக்கு அரை மீட்டர் பள்ளம் ஓடுகிறது. லேபிள் அருகே அதில் பாதிகூட இல்லை. அதனால்தான் பக்கத்தின் முடிவில் உச்சத்தை வைக்கும் நீண்ட பாடல்கள் கரகரக்கின்றன. ஒரு குழு தட்டின் ஒரு முனையை முட்டிப் பார்த்தது, மற்றது இன்னொரு முனையை முட்டிப் பார்த்தது. துணிச்சலான ராக் என்பது நீண்ட பாட்டும் சிக்கலான தாளமும் மட்டும் என்று யார் சொன்னது?

[யூ சஃபர்]

முடிந்துவிட்டது. இருமியவர் தவறவிட்டிருப்பார். இன்னொரு முறை போடுகிறேன்.

[யூ சஃபர்]

நேரம் ஆகிறது, கேள்விச் சீட்டுகளுக்கு வருகிறேன். நம் ஊர் வெப்பத்தில் தட்டை எப்படிக் காப்பது என்று மூன்று நான்கு பேர் கேட்டிருக்கிறார்கள். நிமிர்த்தி வையுங்கள், அடுக்கிப் படுக்கவைத்தால் கீழ்த்தட்டு வளையும். வெயிலில் நிற்கும் காரில் விடாதீர்கள். பி.வி.சி. வெளியுறை வேண்டாம், அது நாளடைவில் தட்டின் மேல் மங்கல் படியவைக்கும். பாலித்தீன் உறை போதும், ஈரம் தங்காமல் வாய் திறந்திருக்கட்டும். எல்.பி.யில் பூஞ்சை பிடித்தால், தண்ணீரில் கொஞ்சம் ஐசோபுரொபைல் ஆல்கஹால் கலந்து துடைக்கலாம். தாத்தா வைத்திருந்த பாகவதர் 78 தட்டில் மட்டும் அந்தக் கை போகக் கூடாது. அது அரக்கு, ஆல்கஹால் பட்டால் கரையும்.

சப்பாத் எந்தப் பதிப்பு வாங்குவது என்று இன்னொரு சீட்டு. 1972 வரை சுழல் வெர்டிகோ. 1973-இல் குழு டபிள்யூ.டபிள்யூ.ஏ. லேபிளுக்குப் போனது, பழைய ஆல்பங்களும் அதில் மறுபடி வந்தன. பிறகு நெம்ஸ் லேபிள். நெம்ஸ் பதிப்புகளை யாரும் கண்ணாடிப் பெட்டியில் வைப்பதில்லை, ஆனால் கீறலில்லாத நெம்ஸ் தட்டு கீறல் விழுந்த சுழலைவிட நன்றாகவே பாடும். கேட்பதற்கு அதை வாங்குங்கள். சுழல் என்று ஒருவர் நீட்டினால் லேபிளோடு நிறுத்தாதீர்கள், லேபிளுக்கும் கடைசிப் பள்ளத்துக்கும் நடுவே உள்ள வெற்று வளையத்தில் பொறித்த எண்ணை விளக்கில் சாய்த்துப் பாருங்கள். சுழலை அச்சடிப்பது எளிது, அந்தப் பொறிப்பைப் போலி செய்வது கடினம்.

கடைசியாக ஒரு தட்டு. 'ஸ்கம்' முதல் பக்கத்தில் கிட்டார் வாசித்த ஜஸ்டின் ப்ராட்ரிக் அங்கிருந்து விலகி, காட்ஃப்ளெஷ் என்ற குழுவை அமைத்தார். குழு என்றால் அவரும் பேஸ் வாசிக்கும் ஜி.சி. க்ரீனும், டிரம்மருக்குப் பதில் ஓர் இயந்திரமும். 1989-இல் 'ஸ்ட்ரீட்க்ளீனர்'. வேகத்தின் உச்சத்திலிருந்து வந்தவர் சப்பாத்தின் மெதுவான நடைக்குத் திரும்பியிருக்கிறார். இயந்திரம் களைப்பில்லாமல் அடிக்கிறது, ஏறுவதில்லை, இறங்குவதில்லை, பாடகரைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. இதை மெட்டலில் வைப்பதா, ப்ரோக்கில் வைப்பதா, மின்னிசையில் வைப்பதா என்று கடைக்காரர்களே மாற்றி மாற்றி வைக்கிறார்கள். முழுப் பக்கமும் போடப் போகிறேன். ஒலியைக் கூட்டச் சொல்லியிருக்கிறேன், முன்வரிசையில் இருப்பவர்கள் விரும்பினால் இப்போதே பின்னால் போய் உட்கார்ந்துகொள்ளலாம்.